கடவுச்சொல் கேட்காத கதவு

குமணன்சாவடி பஸ் நிறுத்தத்தில் பக்கத்து வீட்டுப் பெண் செல்போனும் கையுமாக நின்றாள். சட்டப் படிப்பில் முதலாண்டு. கல்லூரித் தளம் மூன்று நாளாக அவள் கடவுச்சொல்லை ஏற்கவில்லை. அன்றிரவே அசைன்மென்ட்டுக்குக் கெடு. "யார்கிட்ட போனாலும் நாளைக்கு வான்னு சொல்றாங்க அங்கிள்" என்றாள், கண் கலங்க. வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிறவள்; கேட்டுச் சொல்ல ஆளில்லை.

அவள் சொன்னதைக் கேட்டதும் ஒரு தீர்ப்பு நினைவுக்கு வந்தது. செல்போன் கட்டுப்பாட்டை ஏற்காததால் விடுதியிலிருந்து நீக்கப்பட்ட மாணவி ஃபஹீமா ஷிரின் தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019-லேயே சொல்லிவிட்டது. உச்ச நீதிமன்றமும் 2023 முதல் இ-எஸ்சிஆர் தளத்தில் தீர்ப்புகளைக் கடவுச்சொல் கேட்காமல் இலவசமாகத் தருகிறது. தமிழிலும் சில உண்டு. அவள் போனில் அந்தத் தளத்தைத் திறந்து கொடுத்தேன். இரண்டு பஸ் போயின. அவள் நிமிரவில்லை.