இடைகழியில் இடம்

பண்டிகை விடுமுறையில் சின்னக் குழந்தைகளுக்கு என்ன தரலாம் என்று கேட்டால் புதுத்துணி, இனிப்பு, பொம்மை, கைபேசியில் கூடுதல் நேரம் என்று பட்டியல் நீளும். அந்தக் குழந்தை பிறருக்கு என்ன தரலாம் என்று யாரும் கேட்பதில்லை. பண்டிகைக்கு அர்த்தம் அங்கேதான் தொடங்குகிறது என்பது என் கட்சி. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்காரர்கள் இதற்குச் சான்று தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. திருக்கோவிலூரில் ஒரு மழை இரவில், குறுகலான இடைகழி ஒன்றில் பொய்கையாழ்வார் ஒதுங்கினார். ஒருவர் படுக்கத்தான் அங்கே இடம். பூதத்தாழ்வார் வந்ததும் இருவரும் உட்கார்ந்துகொண்டார்கள். பேயாழ்வாரும் வந்து சேர, மூவரும் எழுந்து நின்றார்கள். நான்காவதாக ஒருவர் வந்து நெருக்குவதை அதற்குப் பிறகுதான் உணர்ந்தார்கள் என்கிறது வைணவ மரபு. முதல் மூன்று திருவந்தாதிகளும் அந்த நெருக்கத்தில் பிறந்தவை. இதில் வரிசைதான் முக்கியம். படுத்திருந்தவர் எழுந்து இடம்விட்ட பிறகே பெருமாள் வருகிறார்.

நான்கு வயதுக் குழந்தைக்கு இந்தக் கதையின் தத்துவம் புரியாது. 'கொஞ்சம் தள்ளி உட்காரு, தம்பியும் உட்காரட்டும்' என்பது நன்றாகவே புரியும். படையல் முடியும்வரை காத்திருப்பதும், கிண்ணத்தில் பொங்கலை ஏந்திப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோவதும் அந்த வயதுக்கு ஏற்ற வழிபாடு. காத்திருந்தால் பசிக்கும், பசித்தால்தான் ருசிக்கும். உடல்நலமும் அர்த்தமும் வேறுவேறு அக்கறைகள் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான். உணவில் சேர்க்கும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு ஆலைகள் வைத்திருக்கும் கரும்பு மாவட்டத்துக்கு இது கசக்கும்; வெல்லத்துக்கும் விலக்கு இல்லை. அதே நிறுவனம் 2019இல், மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும், திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றது. விடுமுறையில் முதலில் பறிபோவது அந்தத் தூக்கம்தான்.

'ஒரு நாள்தானே, விட்டுவிடுங்கள்' என்பார்கள். ஒரு நாள் என்றால் நானும் விட்டுவிடுவேன். மற்ற நாட்களிலும் அதே தீனி கிடைப்பதால் பண்டிகை தனி நாளாக இல்லாமல் போனதுதான் சிக்கல். இதைவிடக் கனமான ஆட்சேபம் இதே மாவட்டத்தின் கல்வராயன் மலையிலிருந்து வரும். வயிறு நிறையச் சாப்பிடுவதே பண்டிகை என்றிருக்கும் வீட்டில் அளவைப் பற்றிப் பேசலாமா? பேசக் கூடாது. போதாமையில் இருக்கும் பிள்ளைக்கு அடக்கத்தை உபதேசிப்பது அநியாயம். அங்கே இடம்விட வேண்டியவர்கள் மிஞ்சியதை வைத்திருக்கும் நாம். ஆனால் சாமையும் தினையும் விளையும் அந்த மலையிலும் ஐந்து ரூபாய் நொறுக்குத்தீனிப் பொட்டலங்கள் ஏறிவிட்டதையும் சொல்லத்தான் வேண்டும். தெய்வ நம்பிக்கை இல்லாதவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்றால், பொங்கலைத் தமிழர் திருநாளாக ஏற்ற பகுத்தறிவு இயக்கமே பதில். பகிர்ந்துண்ணக் கடவுள் சாட்சி கட்டாயமில்லை.

எனக்குச் சுலபமான பதில் கிடைக்காத ஆட்சேபம் ஒன்று உண்டு. பெரியவர்கள் கொண்டாடும் விதத்தைப் பார்த்துத்தானே பிள்ளை கற்கும்? 2024 ஜூனில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன ஊர் கள்ளக்குறிச்சி. விடுமுறை என்றால் குடி என்று அப்பாவைப் பார்த்துப் பழகிய பிள்ளையிடம் லட்டைக் குறைக்கச் சொல்ல நமக்கு என்ன தகுதி? ஒழுங்கு பெரியவர்களிடமிருந்து தொடங்கட்டும். பண்டிகை நாளில் வீட்டில் மது வேண்டாம், சமையல் முழுவதும் அம்மாவின் தலையில் விழவும் வேண்டாம். வரும் பொங்கலன்று முதல் கிண்ணத்தைச் சின்னப்பிள்ளையின் கையில் கொடுத்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புங்கள். பிள்ளையின் பங்கை அது திரும்பி வந்ததும் பரிமாறுங்கள்.