சாய்ந்த சுவரும் மூடாத தொட்டியும்

மதுரையில் ஒரு பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்து எழுந்திருக்கும் வேளையில் ஒரு சகோதரர் கேட்டார்: "மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்க இரண்டு பெண்கள் வந்தார்கள். மாடித் தொட்டியைப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஆண்கள் இல்லாத நேரம் என்று வீட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதில் குற்றம் ஏதும் உண்டா, ஹஜ்ரத்?"

அவர் பர்தாவை மனத்தில் வைத்துக் கேட்டார். அதற்கு மட்டும் பதில் சொல்வதாயின் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பிறர் இல்லத்தில் அனுமதி பெறாமலும் ஸலாம் கூறாமலும் நுழையலாகாது என்றும், திரும்பிச் செல்லுங்கள் எனப்பட்டால் திரும்பிவிட வேண்டும் என்றும் ஸூரத்துந் நூர் நமக்குக் கற்றுத் தருகிறது. ஆகவே இல்லை என்று சொல்லும் உரிமை வீட்டாருக்கு உண்டு. ஆனால் வந்தவர்களோ பெண்கள்; வாசலில் நின்று அனுமதி கேட்டவர்கள்; பார்க்க வேண்டியதோ தொட்டியும் டிரம்மும். பர்தா இங்கே தடையாக நின்றதாகத் தெரியவில்லை. போகட்டும். அவர்களை அனுப்பிவிட்ட பிறகு அந்தத் தொட்டியை வீட்டார் யாரேனும் ஏறிப் பார்த்தார்களா? பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே இல்லை. பார்க்கவில்லை என்றால்தான் உண்மையான கேள்வி ஆரம்பமாகிறது.

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் பிறப்பதன்று. காலில் வெள்ளை வரியோடு பகலில் கடிக்கும் அந்தக் கொசு, நாம் குடிக்கவும் குளிக்கவும் சேர்த்து வைக்கும் நல்ல தண்ணீரில்தான் பிறக்கிறது. குழாயில் நாள்தோறும் தண்ணீர் வராத நம் ஊரில் தொட்டி, டிரம், குடம் என்று நீர் சேர்த்து வைக்காத வீடு ஏது? போதாததற்குக் கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், ஃபிரிட்ஜின் பின்னால் உள்ள தட்டு. நீர்மட்டத்திற்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் அது முட்டையை ஒட்டிவிடுகிறது. தண்ணீரைக் கொட்டிவிட்டால் முட்டை சாவதில்லை. காய்ந்த நிலையில் மாதக் கணக்கில் கிடந்து, மறுபடி நீர் ஊற்றியதும் பொரிக்கிறது. பொரித்துக் கொசுவாகப் பறக்க ஏறக்குறைய எட்டுப் பத்து நாட்கள். வாரம் ஒருமுறை தொட்டியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவச் சொல்வதன் காரணம் இதுவே. இக்கொசு நெடுந்தூரம் பறப்பதுமில்லை. பெரும்பாலும் பிறந்த இடத்தைச் சுற்றியுள்ள சில வீடுகளுக்குள்ளேயே அதன் வாழ்நாள் முடிந்துவிடுகிறது. அதாவது, என் தொட்டியில் பிறந்த கொசு ஒன்று என் பிள்ளையைக் கடிக்கும், அல்லது என் பக்கத்து வீட்டாரின் பிள்ளையைக் கடிக்கும்.

2012-ல் தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு கண்டு 66 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு சொல்லுகிறது. அந்த ஆண்டு கடுமையாக அடிபட்ட ஊர்களில் ஒன்று நம் மக்கள் நிறைந்து வாழும் கடையநல்லூர் என்பதை அப்பக்கத்தில் உறவுள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மீண்டும் 2017-ல் 23,294 பேருக்குக் கண்டது. 65 பேர் இறந்தார்கள்.

"எல்லாம் கத்ரு, வருவது வந்தே தீரும்" என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு நம் உலமாக்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் ஸர்க் என்னுமிடத்தில் நடந்த நிகழ்ச்சி. ஷாம் நாட்டில் கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டதும் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஆலோசனை செய்து படையுடன் திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று ஹஜ்ரத் அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, அவன் விதியிலிருந்து அவன் விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் கலீஃபா அவர்கள் மறுமொழி சொன்னதும், நோயுள்ள ஊருக்குள் போகவும் வேண்டாம், அங்கிருப்பவர் வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் எடுத்துரைத்ததும் யாவரும் அறிந்ததே. இதை நாம் எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். ஆயினும் நம் கேள்விக்கு இது முழுப் பதிலன்று. ஸர்க்கில் எழுந்த கேள்வி, ஆபத்துள்ள இடத்துக்கு நாம் போகலாமா என்பது. நம் கேள்வியோ, ஆபத்து நம்மிடமிருந்து பிறர் வீட்டுக்குப் போகலாமா என்பது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னது தன் ஒட்டகத்தைப் பற்றிக் கேட்டவரிடம். அண்டை வீட்டாரின் ஒட்டகத்தை அவிழ்த்து விட்டுவிட்டு, "நான் தவக்குல் வைத்திருக்கிறேன்" என்று ஒருவன் சொன்னால் அதற்கு என்ன பெயர்? என் உயிரைப் பற்றி நான் தவக்குல் வைக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் உயிரைப் பற்றித் தவக்குல் வைக்கும் அதிகாரம் எனக்கு யார் கொடுத்தது?

"நான் ஒன்றும் செய்யவில்லையே, தண்ணீர் பிடித்து வைத்தேன், அது ஹலால்தானே" என்பது அடுத்த வாதம். இது அத்தனை எளிதில் தள்ளக்கூடிய வாதமன்று. தண்ணீர் சேர்த்து வைத்தது பாவமில்லை. கொசு வந்து முட்டையிட்டது நம் செயலும் இல்லை. செய்யாத ஒன்றுக்கு மனிதன் பொறுப்பாவானா?

இந்தக் கேள்வியை நம் புகஹாக்கள் கொசுவைப் பற்றிக் கேட்கவில்லை. சுவரைப் பற்றிக் கேட்டார்கள். நம் மதரஸாக்களில் ஓதப்படும் ஹிதாயாவில் சாய்ந்த சுவரைப் பற்றி ஒரு பாடம் வருகிறது. ஒருவர் தம் சொந்த நிலத்தில் நேராகத்தான் சுவர் எழுப்பினார். நாளடைவில் அது தெருப்பக்கம் சாய்ந்தது. விழுந்து ஒருவர் இறந்தார். பொறுப்பு யாருடையது? கியாஸின்படி பார்த்தால் அவர்மீது ஒன்றுமில்லை. கட்டியது வரம்பு மீறலன்று, சாய்ந்தது அவர் செயலன்று. ஆனாலும் இஸ்திஹ்ஸானின்படி, இடித்துவிடுமாறு அவரிடம் சொல்லப்பட்டு, இடிப்பதற்குப் போதுமான அவகாசமும் இருந்து, அவர் இடிக்காமல் விட்டிருந்தால் அவர்மீது ளமான் எனும் ஈட்டுப் பொறுப்பு வந்துவிடுகிறது. சாய்ந்தது முதல் அச்சுவர், எல்லோருக்கும் உரிய வழியின் மேலுள்ள வெளியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதை நீக்கும் சக்தி அவர் கையில்தான் இருக்கிறது. சொல்லப்படும் வரை அவர் அறியாதவர். சொல்லப்பட்ட பிறகு அறியாதவர் அல்லர்.

இனி, சொல்ல வேண்டியவர் யார்? இங்கேதான் அந்தப் பாடத்தை ஓதும்போது மனம் நின்றுவிடுகிறது. தெருவில் நடக்கும் உரிமை எல்லோருக்கும் சமமானதால் ஆணாயினும் பெண்ணாயினும், முஸ்லிமாயினும் அல்லாதவராயினும், எவர் வந்து சொன்னாலும் அது சொன்னதாகவே கணக்கு. காழி முன்னிலையில்தான் சொல்ல வேண்டும் என்பதுமில்லை. அப்படியாயின் தோளில் பையும் கையில் டார்ச்சுமாக, சித்திரை வெயிலில் முனிச்சாலையிலும் நெல்பேட்டையிலும் மாடி மாடியாக ஏறி இறங்கும் தினக்கூலிப் பெண்ணின் சொல் என்ன நிலை பெறுகிறது? ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் இமாம் மர்கீனானி (ரஹ்) அவர்கள் எழுதிய கிதாபின் வழியில் பார்த்தால், அவள் "தொட்டியில் புழு இருக்கிறது, கழுவுங்கள்" என்று சொன்ன அந்தக் கணத்தில் வீட்டுக்காரரின் நிலை மாறிவிடுகிறது. அவளைத் திருப்பி அனுப்புவது சொல்லே காதில் விழாதபடி பார்த்துக்கொள்ளும் தந்திரம் போலாகிவிடுகிறது. அந்தத் தந்திரம் மக்கள் மன்றத்தில் பலிக்கலாம்.

சுவர் விழுந்தால் எந்தச் சுவர் என்று தெரியும். கொசு எந்தத் தொட்டியில் பிறந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. எனவே நீதிமன்றத்தில் எவர்மீதும் இதை நிரூபிக்க இயலாது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நம் ஷரீஅத்தில் கழாஅன் என்றும் தியானத்தன் என்றும் இரண்டு தராசுகள் உண்டு. முதலாவது, நீதிபதி எதைத் தீர்ப்பார் என்பது; இரண்டாவது, அடியானுக்கும் அவன் ரப்புக்கும் இடையே உள்ளது. முதல் தராசில் சாட்சி தேவை. இரண்டாவது தராசில் சாட்சி இல்லாததால் நமக்கு இலாபம் ஒன்றுமில்லை.

அதே சாட்சியின்மை மற்றொரு பக்கமும் வெட்டுகிறது. ஒரு வீட்டில் பிள்ளை இறந்துவிட்டால், "எல்லாம் அந்த வீட்டுக்காரர்களால் வந்தது" என்று தெருவில் பேச்சு எழும். அது ஆதாரமற்ற சந்தேகம்; விலக்கப்பட்டது. 2020-ல் கொரோனா வந்தபோது டில்லி நிஜாமுத்தீன் மர்கஸுக்குப் போய் வந்தவர்களைக் காட்டி ஒரு சமுதாயத்தையே நோய் பரப்பியவர்கள் என்று பேசினார்கள். வெளிநாட்டு ஜமாஅத்தார் மீது போடப்பட்ட வழக்குகளை அவ்வாண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை ரத்துச் செய்தபோது, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டிருக்கலாம் என்று கருத்துத் தெரிவித்தது. அந்தக் காயம் பட்ட நாம், டெங்கு வந்த வீட்டை விரல் நீட்டிக் காட்டலாமா? ஒரே ஐயத்தை என்மீது வைத்துக்கொண்டால் அது பேணுதல்; அடுத்தவர்மீது வைத்தால் அது அவதூறு.

"மாநகராட்சி மட்டும் ஒழுங்கா? தோண்டிய குழியை மூடவில்லை, தெருவில் தண்ணீர் தேங்குகிறது. என் ஒரு தொட்டியைக் கழுவி என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பவர்களும் உண்டு. குறை சொல்வதில் நியாயம் இருக்கிறது. இதற்கும் அதே பாடத்தில் இடம் இருக்கிறது. ஒரு சுவர் ஐந்து பேருக்குப் பொதுவானது. ஒருவரிடம் மட்டும் சொல்லப்பட்டது. சுவர் விழுந்து ஓர் உயிர் போயிற்று. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், சொல்லப்பட்டவர்மீது தியத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்றார்கள். அவர்களின் மாணவர் இருவரும், இல்லை, பாதி என்றார்கள். பொறுப்புக்குரிய பகுதி ஒரு வகை, பொறுப்பற்ற பகுதி மறு வகை, எனவே இரண்டாகவே பிரியும் என்பது அவர்கள் கணக்கு. ஒன்றுமே இல்லை என்று சொன்னவர் அம்மூவரில் எவருமில்லை. தனியாக முழுச்சுவரை இடிக்க முடியாதவர்மீது பொறுப்பு எப்படி வரும் என்று கேட்டால், காழியிடம் போய் முறையிட்டுப் பங்காளிகளை இடிக்க வைக்கும் வழி அவருக்கு இருந்ததே என்பது பதில். ஆகவே தெருக்குழியைப் பற்றி மாநகராட்சி அலுவலகத்தில் மனுக் கொடுப்பது என் பங்கின் பகுதியாகிறது. டீக்கடையில் திட்டுவது ஆகாது.

வாடகை வீட்டிலும் ஒத்தி வீட்டிலும் இருப்பவர்கள் கேட்பார்கள், மாடித் தொட்டி வீட்டுக்காரருடையது அல்லவா என்று. குடியிருப்பவரிடமும் அடகு பிடித்தவரிடமும் சொல்வது செல்லாது, இடிக்கும் சக்தி அவர்களிடம் இல்லை என்றே கிதாபு கூறுகிறது. 1939-ன் பொதுச் சுகாதாரச் சட்டம், சென்னை மாகாண காலத்தில் வந்து இன்றும் தமிழ்நாட்டில் நடப்பில் இருப்பது, கொசு பெருகும்படி நீர் தேங்க விடலாகாது என்பதில் உரிமையாளரையும் குடியிருப்பவரையும் சேர்த்தே பிடிக்கிறது. எனக்கு இரண்டும் ஒன்றாகவே படுகிறது. டிரம்மும் குடமும் ஒத்திக்காரருடைய கையில், மேல்தொட்டியின் மூடி வீட்டுக்காரருடைய கையில். எவர் கையில் உள்ளதோ அவரைக் கேட்பார்கள்.

நிலவேம்புக் கஷாயத்தைத் தேக்சாவில் காய்ச்சிப் பள்ளிவாசல் வாசலில் ஊற்றிக் கொடுக்கும் ஜமாஅத்தார்களுக்கு அல்லாஹ் நற்கூலி தருவானாக. ஆனால் கஷாயம் குடித்தவர் வீட்டுத் தொட்டியில் புழு அப்படியேதான் நெளிந்துகொண்டிருக்கும். அதே இளைஞர்கள் வியாழக்கிழமை தோறும் நான்கு தெருவுக்கு ஒரு கூட்டமாகப் பிரிந்து, ஆண் துணையற்ற வீடுகளிலும் முதியோர் வீடுகளிலும் கேட்டு ஏறித் தொட்டி கழுவிக் கொடுத்தால் என்ன? காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வைக்கும்படி தாய்மார்களிடம் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. முதல் சில நாட்களில் அப்பிள்ளையைக் கடிக்கும் கொசுதான் அடுத்த வீட்டுக்கு நோயைக் கொண்டுபோகிறது.

கடைசியாக, நம் பள்ளிகளின் ஹவுள். குழாய் வந்தபின் சில இடங்களில் பழைய ஹவுளும் பக்கத்துச் சிறு தொட்டிகளும் பயன்படுத்துவாரின்றி நீரோடு கிடக்கின்றன. அவற்றைப் பற்றிச் சொல்லப்பட வேண்டியவர் முத்தவல்லி. பயன்படாத சிறு தொட்டியை வற்றவிட்டுக் கவிழ்க்கலாம் அல்லது மூடலாம். ஹவுளில் புழுவைத் தின்னும் கம்பூசியா மீனைச் சுகாதாரத் துறையினர் விட வந்தால், மீன் இருந்தால் ஒளு கூடுமா, செத்து மிதந்தால் நீர் நஜீஸாகுமா என்று பெரியவர்கள் தயங்குகிறார்கள். நீர்வாழ் பிராணி நீரில் இறப்பதால் அந்நீர் அசுத்தமாவதில்லை என்பது நம் ஹனஃபி மத்ஹபின் தெளிவான சட்டம். பத்துக்குப் பத்து முழமுள்ள ஹவுளாயின் அது ஓடும் நீரின் சட்டத்திலேயே இருக்கிறது. செத்த மீனை எடுத்துப் போட்டுவிட்டு ஒளுச் செய்யலாம்.