படகின் வயிற்றில் அடைத்த காற்று

அச்சிலிருந்து அப்போதுதான் பிரித்தெடுத்த பைபர் போட்டில் ஒன்றுமே இருக்காது. கண்ணாடி இழைப் பாயை அச்சுக்குள் விரித்து, ரெசின் தடவி, ரோலரால் உருட்டிக் குமிழிகளை வெளியேற்றி, அதன்மேல் இன்னொரு பாய், அதன்மேல் இன்னொன்று என்று அடுக்கி இறுகவைத்த ஓடு, அவ்வளவுதான். அதே அச்சில் நேற்றுப் பிறந்ததற்கும் நாளை பிறக்கப்போவதற்கும் வித்தியாசம் கிடையாது. வாங்கியவர் கைக்கு வந்து, அவர் அதில் ஒவ்வொன்றாக வைக்கத் தொடங்கிய பிறகுதான் அது அவருடைய படகாகிறது.

முதலில் என்ஜின். பின்பக்கத்தில் அவுட்போர்டு மாட்டுவதா, நீளத் தண்டு வைத்த லாங்டெயில் டீசல் என்ஜினா என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம் முடிவாகும். என்ஜின் பின்னால் இருந்தால் ஓட்டுகிறவரும் பின்னால்தான் உட்கார வேண்டும். இரண்டு பாரமும் ஒரே இடத்தில் சேர்ந்து படகின் முன்முனையான அணியத்தைத் தூக்கிவிடும். அதைச் சரிக்கட்ட நங்கூரமும் கயிறும் அணியத்துக்குப் போகும். ஐஸ் பெட்டி நடுவிலிருந்து கொஞ்சம் முன்னால் நகரும். வலை இழுக்கிற பக்கத்து விளிம்பில் போல்ட் தலைகூடத் துருத்தக் கூடாது, கண்ணி மாட்டிக் கிழியும். இழுக்கிறவர் கால் ஊன்றும் இடத்தில் ஈர ரெசின்மேல் மணலைத் தூவி சொரசொரப்பாக்கி வைப்பவர்கள் உண்டு. பேட்டரிக்கு நனையாத ஒரு மூலை, ஜிபிஎஸ் கருவிக்குக் கண் எட்டும் உயரத்தில் ஒரு தட்டு, இரவில் வலை போட ஒரு விளக்குக் கம்பம். வெளியே ஐஎன்டி - டிஎன் என்று தொடங்கும் பதிவு எண். அதற்குப் பக்கத்தில் மாதாவோ முருகனோ, குழந்தையின் பெயரோ.

இப்படிச் சாமான் ஏறிய படகுகளைக் கரையில் நடந்து நடந்து பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. எந்த வலைக்காரர், எத்தனை பேராகப் போகிறார்கள், சொந்தக்காரர் எதற்குப் பயப்படுகிறவர் என்பதையெல்லாம் ஆளைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். தண்ணீர் இறைக்கும் வாளியைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருப்பவர் ஒருமுறை வாளியைக் கடலுக்குப் பறிகொடுத்தவராகத்தான் இருப்பார். வைத்திருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் 'இது எதற்கு?' என்று கேட்டால் சட்டென்று பதில் வரும்.

பதில் சொல்லத் திணறவைக்கும் இடம் ஒன்றுதான். விளிம்புக்குக் கீழே, இரு பக்கவாட்டிலும், சில படகுகளில் அணியத்திலும் பின்முனையிலும், நாலாபுறமும் மூடி ஒட்டப்பட்ட அறைகள் இருக்கும். கதவு இல்லை, மூடி இல்லை. தட்டினால் வெறும் பெட்டியைப் போலவும் இல்லாமல் கட்டையைப் போலவும் இல்லாமல் மந்தமாக ஒரு சத்தம். உள்ளே இருப்பது ஃபோம். ஃபோம் என்பதே லட்சக்கணக்கான சின்னச் சின்னக் கூடுகளில் அடைபட்ட காற்றுதான். படகில் ஏற்றுகிற சாமான்களிலேயே நான் அதிகம் யோசித்தது இதைப் பற்றித்தான்.

இது ஏன் வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ளக் கட்டுமரத்திடம் போக வேண்டும். கட்டுமரத்துக்குள் தண்ணீர் புகுவது என்ற பேச்சே இல்லை. தண்ணீர் அதன் இடுக்குகள் வழியாக வரும், போகும். அலை தலைக்கு மேல் புரண்டு போனாலும் மரம் மறுபடி மேலே நிற்கும். மலைவேம்பு, அல்பீசியா போன்ற இலேசான மரங்களின் நார்களுக்கு நடுவே இயற்கையே காற்றை அடைத்து வைத்திருந்தது. அந்தக் காற்றைக் காப்பாற்றும் வேலையை மனிதர்கள் செய்தார்கள். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைப் பிரித்து, வெயிலில் காயப்போட்டார்கள். ஊறிய மரம் கனக்கும், தண்ணீரில் தாழும். தினமும் அவிழ்த்துத் தினமும் கட்டிய அந்தச் சலிப்பூட்டும் வேலைதான் அவர்களுடைய உயிர்க்காப்பு.

பைபர் போட் வேறு ஜாதி. அது தண்ணீரை வெளியே நிறுத்தி மிதக்கிறது. அதனால்தான் வேகம், அதனால்தான் கூடுதல் வலை, கூடுதல் மீன். ஆனால் ஒரு பெரிய அலை உள்ளே விழுந்துவிட்டால் கணக்கு தலைகீழாகிறது. கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்து இறுகிய பொருள் கடல்நீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். 500 கிலோ எடையுள்ள ஓடு என்று வைத்துக்கொள்வோம். அது முழுக்கத் தண்ணீரில் முங்கினால் தண்ணீரே மூன்றில் இரண்டு பங்கைத் தாங்கிக்கொள்ளும். மீதி 160 கிலோவுக்கு மேல் அதைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். அதோடு 10 குதிரைத்திறன் அவுட்போர்டு ஒன்று 40 கிலோ வரும், நங்கூரம் ஒன்று. ஆக, 200 லிட்டர் அளவுக்காவது மூடிய இடம் இருந்தால்தான் அந்தப் படகு கடலடிக்குப் போகாமல் நிற்கும். அதுவும் நிற்க மட்டும்தான். ஆட்கள் அதில் ஏறி உட்கார்ந்து தண்ணீரை இறைக்க வேண்டுமென்றால் அதைப்போல இன்னொரு மடங்கு வேண்டும். ஃபோமுக்குச் சொந்தக் கனம் சொற்பம்: ஒரு கன மீட்டர் 30, 40 கிலோதான் இருக்கும். அதே இடத்துக் கடல்நீரோ 1,025 கிலோ.

எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். அடித்தளத்தில் மட்டும் ஃபோமை அடைத்தால், நீர் நிரம்பிய படகில் மேலே வரத் துடிப்பது அடிப்பாகம்தான்; படகு குப்புறப் புரண்டுவிடும். பக்கவாட்டில், விளிம்பை ஒட்டி, உயரத்தில் வைத்தால்தான் நிரம்பிய நிலையிலும் நிமிர்ந்து நிற்கும். அமெரிக்காவில் 20 அடிக்கும் குறைவான அவுட்போர்டு படகுகளுக்கு 1978-லேயே இதைச் சட்டமாக்கினார்கள்: நிரம்பினாலும் சாயாமல் மட்டமாக மிதக்க வேண்டும். அங்கே இந்த எண்ணம் மக்கள் மனதில் பதிய ஒரு விளம்பரமும் காரணம். பாஸ்டன் வேலர் என்ற சிறு படகைத் தயாரித்த டிக் ஃபிஷர், 1961-ல் லைஃப் பத்திரிகைக்காகத் தன் 13 அடிப் படகில் உட்கார்ந்துகொண்டே அதைக் குறுக்கே ரம்பத்தால் இரண்டாக அறுக்க வைத்தார். அறுத்து முடித்ததும் என்ஜின் இருந்த பாதியை ஓட்டிக்கொண்டு போனார். இரண்டு ஓடுகளுக்கு நடுவில் ஃபோமை முழுக்க நிரப்பிக் கட்டிய படகு அது. வியாபார வித்தைதான் என்றாலும், அதில் பொய் இல்லை.

நம் கரைகளில் ஃபோம் ஊற்றுவதை ஒருமுறையாவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இரண்டு டப்பாக்களில் இரண்டு திரவம். ஒன்றாகக் கலந்து வேகமாகக் கலக்கி, அறையின் மேலே போட்ட துளை வழியாக ஊற்றுவார்கள். சில நொடிகள் ஒன்றும் நடக்காது. பிறகு சன்னமான இரைச்சலோடு வெளிர்மஞ்சளாக நுரைத்து எழும்பும். ஒரு குவளை திரவம் ஒரு பெரிய வாளி அளவுக்குப் பெருகும். வெளியே கை வைத்தால் ஓடு சுடும். அவசரப்பட்டு மொத்தத்தையும் ஊற்றினால் நுரை போக இடமில்லாமல் பக்கவாட்டைப் பிதுக்கிவிடும். கொஞ்சம் ஊற்றி, எழும்பவிட்டு, ஆறவிட்டு, மறுபடி கொஞ்சம். கடைசியில் துளை வழியே பிதுங்கும் நுரையைக் கத்தியால் சீவிவிட்டு, பாயும் ரெசினும் வைத்து அடைப்பார்கள். மலிவாக முடிக்கத் தெர்மாகோலை வெட்டி உள்ளே திணிப்பவர்களும் உண்டு. ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் பட்டால் தெர்மாகோல் கரைந்து குழிந்துபோகும். மூடியபின் உள்ளே எவ்வளவு மிஞ்சியது என்று வெளியிலிருந்து யாருக்குத் தெரியும்?

அந்தக் கேள்விதான் என்னை விடாமல் துரத்துகிறது. யாருக்குத் தெரியும்?

ஆற்று முகத்துவாரத்துக் கொட்டகை ஒன்றில் இளைஞர் ஒருவர், படகு பழுது பார்க்கும் பெரியவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "சித்தப்பா, இந்த சைடு பெட்டி ரெண்டும் சும்மாதானே கெடக்கு. வெட்டி எடுத்துட்டா இன்னும் ஐஸ் வைக்கலாம்ல?"

"சும்மா கெடக்கல தம்பி. அதுக்கு வேல வர்ற நாள்ல நீ ஐஸத் தேட மாட்ட."

"சரி, ஒரு மூடியாவது வச்சுக் குடுங்க. கயிறு கியிறு போட்டு வச்சுக்குறேன்."

"மூடி வச்சா தண்ணி போவும்."

பேச்சு அதோடு முடிந்தது. பெரியவர் வெட்டவில்லை. இளைஞர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். டீசல் விலையும் ஐஸ் விலையும் ஏறும்போது, ஒரு நடையில் கொஞ்சம் கூடுதலாகக் கொண்டுவர முடியுமா என்று பார்ப்பது பேராசையாகாது, பிழைப்பு. அந்தப் பெட்டி அவருடைய அன்றாடத்தில் ஒரு நாளும் உதவியதில்லை. தினமும் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அன்றாடத்தின் கணக்குப்படி பார்த்தால் அதைவிட வீணான இடம் படகில் கிடையாது.

வெட்ட வேண்டும் என்றுகூட இல்லை, துளைத்தாலே போதும். தூண்டில் தாங்கி ஒன்று, விளக்குக்கு ஒரு கிளாம்ப், கயிறு கட்ட ஒரு வளையம் என்று ஆசை ஆசையாக மாட்டும் ஒவ்வொன்றுக்கும் டிரில்லிங் மெஷின் வருகிறது. சீல் வைக்காத ஒரு ஸ்குரூத் துளை வழியே உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும். வருடக்கணக்கில் ஃபோமின் கூடுகளில் ஊறும். சொந்தக்காரர், படகு முன்போல ஓடவில்லை, என்ஜின்தான் திணறுகிறது என்று மெக்கானிக்கைத் தேடுவார். நீர்க்கோடு ஓரிரு விரற்கடை ஏறியிருப்பதைக் கவனித்திருக்க மாட்டார். கட்டுமரத்தை அவிழ்த்துக் காயவைக்கலாம். இதை அவிழ்க்க முடியாது. படகை நம் வசதிக்குத் தகுந்தபடி மாற்றுவதில் எனக்கு மறுப்பே இல்லை. அது படகைச் சொந்தமாக்கிக்கொள்ளும் வழி. ஆனால் எங்கே துளையிடக் கூடாது என்று தெரிந்த பிறகு துளையிட வேண்டும். போல்ட் போகும் இடமெல்லாம் சீலன்ட் வைத்து இறுக்க வேண்டும். ஃபோம் அறையின் சுவரைத் தொடவே கூடாது. அங்கே ஏதாவது நிற்க வேண்டுமென்றால் ரெசினால் ஒட்டிய ஒரு கட்டைமேல் அதை மாட்டலாம்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரைகளுக்கு ஏராளமான பைபர் படகுகள் வந்து இறங்கின. கொடுத்த மனங்களில் குறை இல்லை. ஆனால் அவசரத்தில் வார்த்தவை பல. ஓடு மெலிந்தவை, வேறு கரையின் அலைக்குச் செய்த வடிவங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்காதவை. எத்தனை படகு கொடுத்தோம் என்பது எண்ணக்கூடியது, படம் எடுக்கக்கூடியது. அறைக்குள் எவ்வளவு ஃபோம் என்பதைப் படம் எடுக்க முடியாது. 1979-ல் சென்னையைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தின் படகு வடிவமைப்பாளர்கள், அலை உடையும் மணல் கரையில் இறங்கி ஏறுவதற்கென்றே மாதிரிப் படகுகளை உருவாக்கி, மீனவர்களிடம் கொடுத்து ஓட்டிப் பார்த்துத் திருத்தியிருந்தார்கள். அறிவு இங்கேயே இருந்தது. கேட்கத்தான் நேரமில்லை.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தது. கன்னியாகுமரி, திருவனந்தபுரம் கரைகளின் மீனவர்கள் பலர் திரும்பவே இல்லை. மீண்டவர்களில் சிலர், கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு கடலில் கிடந்த கதையைச் சொன்னார்கள். அந்தச் செய்திகளைப் படிக்கும்போது எனக்கு ஒரே நினைப்புதான்: கவிழ்ந்த பின்னும் அந்தப் படகு பிடித்துக்கொள்ளும்படி மேலே கிடந்ததே, அதை அப்படிக் கிடக்கவைத்தது எது? அது மரத்தின் காற்றோ ஃபோமின் காற்றோ, ஓட்டுக்கடியில் சிக்கிக்கொண்ட காற்றோ, எங்கோ அடைபட்ட காற்றுதான் அவர்களைத் தாங்கியிருக்க வேண்டும்.

இங்கே வந்து நிற்கும்போதுதான் படகு கட்டுகிற வேலை எவ்வளவு பெரியது என்று தெரிகிறது. படகுகள் கைமாறும். ஓரிரு வருடம் ஓட்டியவர் விற்பார், வாங்கியவர் வேறு ஊருக்குக் கொண்டுபோவார், அங்கே இன்னொரு பெயர் எழுதுவார்கள். இன்று ஃபோம் ஊற்றும் கைக்குச் சொந்தக்காரர், என்றோ ஒரு நாள் நடுக்கடலில் அந்த விளிம்பைப் பற்றப்போகும் ஆளைப் பார்க்கவே போவதில்லை. அந்த ஆளும் இவரை நினைக்கப்போவதில்லை. நன்றிக்கும் வழியில்லை, பழிக்கும் வழியில்லை. குறைத்து ஊற்றினால் லாபம், சரியாக ஊற்றினால் நட்டம், இரண்டுக்கும் வெளியே தெரியும் அடையாளம் ஒன்றே: வழுவழுப்பான ஒரு மூடிய சுவர். அந்தச் சுவருக்குப் பின்னால் சரியாக ஊற்றுகிறவர் யாருக்காக ஊற்றுகிறார்? முகம் தெரியாத ஒருவரின் மிக மோசமான நாளுக்காக. அறம் என்று நாம் பெரிய குரலில் பேசுவது எல்லாம் அந்த ஒரு குவளைத் திரவத்தில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். வெட்ட மறுத்த அந்தப் பெரியவரும் அதையேதான் செய்தார். தன் வாழ்நாளில் ஒருபோதும் பயன்படாமலே போகலாம், போகட்டும் என்று மனதார விரும்பக்கூடிய ஒன்றை அவர் காவல் காத்தார்.

ஆனால் எல்லாவற்றையும் கட்டுகிறவரின் மனசாட்சியிடமே விட்டுவிட வேண்டியதில்லை. சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. செலவும் அரை நாள்தான். காற்று அடங்கிய ஒரு காலையில் படகை முகத்துவாரத்தின் உள்ளே, இடுப்பளவுத் தண்ணீருக்குக் கொண்டுபோக வேண்டும். என்ஜினைக் கழற்றிவிட்டு, அதே எடைக்குக் கல் மூட்டையை அதன் இடத்தில் கட்ட வேண்டும். பேட்டரிக்கும் அப்படியே. பிறகு வாளி வாளியாக மொண்டு, விளிம்பு வரை படகை நிரப்ப வேண்டும். பின்பக்கம் மட்டும் முங்கினால் என்ஜினுக்குப் பக்கத்தில் ஃபோம் போதாது. ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்து அறையில் ஃபோம் குறைவாக இருக்கலாம், அல்லது தண்ணீர் ஊறியிருக்கலாம். மட்டமாக நின்றால், கடலுக்குப் போகிற அத்தனை பேரும் ஒவ்வொருவராக ஏறி உட்கார்ந்து, வாளியை எடுத்து இறைக்கத் தொடங்க வேண்டும். இறைக்க இறைக்க விளிம்பு மேலே வருகிறதா, இல்லை இறைத்த தண்ணீரே திரும்பி உள்ளே வருகிறதா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் பெயர் எழுதுவதையும் விளக்குக் கம்பம் நடுவதையும்.