கூட்டினால் மட்டும் போதுமா?

ஒரே ஸ்வரத்தைப் புல்லாங்குழலிலும் வயலினிலும் வாசித்தால், கண்ணை மூடிக்கொண்டே எது எது என்று சொல்லிவிடுவீர்கள். ஸ்ருதி ஒன்றுதானே, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? அடிப்படை அதிர்வோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று சன்னமான அதிர்வுகளும் கலந்து வருகின்றன. வயலினில் இவை ஜாஸ்தி. குழலில் கம்மி. கலவை மாறினால் குரல் மாறுகிறது.

இந்தக் கலவையைப் பிரிக்கும் கணக்கு ஜோசஃப் ஃபூரியேயின் பெயரில் இருக்கிறது. 1768-ல் பிரான்சில் ஒரு தையல்காரருக்குப் பிறந்து, நெப்போலியனோடு எகிப்துக்குப் போய்த் திரும்பியவர். வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்து 1807-ல் எழுதிய கட்டுரையில், எந்த வளைகோட்டையும் எளிய சைன் அலைகளின் கூட்டலாக எழுதலாம் என்றார். 'அதெப்படி?' என்று லக்ராஞ்ச் போன்ற பெரிய தலைகள் ஒப்பவில்லை. புத்தகம் வர 1822 ஆயிற்று. பின்னால் வந்தவர்கள் சில நிபந்தனைகள் போட்டார்கள். மற்றபடி ஃபூரியே ஜெயித்தார்.

நீங்களே வரைந்து பாருங்களேன். ஒரு சைன் அலை. அதோடு, மூன்று மடங்கு வேகமும் மூன்றில் ஒரு பங்கு உயரமும் கொண்ட இன்னொன்று. அப்புறம் ஐந்து மடங்கு, ஐந்தில் ஒரு பங்கு. பிறகு ஏழு, ஒன்பது. கூட்டக் கூட்ட, வளைந்த உச்சி தட்டையாகிக் கோட்டைச் சுவர் போலச் சதுர அலை வந்துவிடும்.

இதைப் பார்த்ததும் ஓர் ஆசை வரும். மனிதர்களையும் இப்படிப் பிரித்துவிட்டால் என்ன? ஏற்கெனவே அதைத்தான் செய்கிறோம். 'பையன் நல்லவன்தான், கொஞ்சம் முன்கோபி, காசில் கெட்டி' என்று பட்டியல் போட்டுத்தான் சம்பந்தம் பேசுகிறோம், ஆபீஸில் மார்க் போடுகிறோம், சில சமயம் வேலையை விட்டும் அனுப்புகிறோம்.

பட்டியல் தப்பில்லை. அதில் ஒரு சங்கதி விட்டுப்போகிறது.

அதே சதுர அலையின் சரக்குகளை அப்படியே எடுத்து, ஒவ்வோர் அலையையும் அதனதன் கால் சுற்று மட்டும் நகர்த்திக் கூட்டுங்கள். அதே வேகங்கள், அதே உயரங்கள். ஆனால் கோட்டைச் சுவர் காணாமல் போய்க் கூரான முள் நிற்கும். ஓர் அலை எப்போது எழுகிறது என்பதைக் 'கட்டம்' என்பார்கள். 1981-ல் ஓப்பன்ஹைம், லிம் என்ற இருவர் இதன் மகிமையை விளக்கினார்கள். ஒரு படத்தின் அலை உயரங்களோடு வேறொரு படத்தின் கட்டங்களைச் சேர்த்தால், கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் கட்டம் கொடுத்த படம்தான். வேடிக்கை என்னவென்றால், காது இதை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. காதால் கேட்டதை மட்டும் வைத்து ஒருவரை எடைபோடுகிறவர்கள் கவனிக்க.

ஒரே அளவு கோபம்தான். பலவீனமானவனை ஒருவன் அடிக்கும்போது எழுந்தால் அதன் பெயர் தைரியம். ஆபீஸில் அடங்கிக் கிடந்து, வீட்டில் குழந்தை பாலைக் கொட்டியதும் எழுந்தால் அதன் பெயர் கொடுமை. சிக்கனமும் அப்படித்தான். ஜவுளிக்கடையில் காட்டினால் கெட்டிக்காரத்தனம், அம்மாவின் மருந்துச் செலவில் காட்டினால் வேறு பெயர்.

அப்படியானால் எல்லாம் சந்தர்ப்பம், யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்கிறீர்களா? எனக்கென்னவோ நேர் எதிராகத் தோன்றுகிறது. எவ்வளவு கோபம் என்பதை அப்பாவிடமிருந்து வந்தது, ரத்தத்தில் ஊறியது என்று தட்டிக் கழிக்கலாம். அது எப்போது எழ வேண்டும் என்பதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு.

அடுத்த முறை யாருக்காவது மார்க் போடும்போது, 'எவ்வளவு' என்பதோடு 'எப்போது' என்றும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். முடிந்தால் கண்ணாடி முன்னாலும்.