ஒரு குரல், இரு மேடை

1954 வரை பிரெஞ்சுக் கொடி பறந்த காரைக்காலில் அம்மையாருக்கு மாங்கனி வாரி இறைக்கும் விழா. தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூரில் கந்தூரி. பக்திக்குப் பஞ்சமில்லாத இந்தக் கடற்கரையிலிருந்துதான் பகுத்தறிவு மேடைக்கு ஒரு பாடகர் கிடைத்தார்: இசைமுரசு நாகூர் ஈ.எம். அனிபா!

1925இல் இராமநாதபுரத்திலே பிறந்தவர். 2015 ஏப்ரல் 8இல் சென்னையிலே மறைந்தவர். மேலவை உறுப்பினர், வக்பு வாரியத் தலைவர் என்று பதவிகளும் வந்தன. அவற்றை நாடு மறக்கலாம். தலைவர்கள் பேசுமுன் கூட்டத்தைக் கட்டி நிறுத்திய அந்தக் கணீர்க் குரலை மறவாது.

இங்கேதான் சில தோழர்கள் முகம் சுளிக்கின்றனர். ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ என்று பாடிய வாய், ‘அழைக்கின்றார் அண்ணா’ என்றும் பாடலாமா? பாடியது அவர் குற்றமா, கேட்டு மகிழ்ந்தது நம் குற்றமா?

இத்தகைய வினா அமெரிக்கக் கறுப்பின மக்களையும் வாட்டியது. அடிமைத்தளையின் வடு ஆறாத அம்மக்களின் துயரப் பாட்டு ‘ப்ளூஸ்’. தேவாலயத்தார் பலர் அதனைச் சைத்தானின் பாட்டென்று ஒதுக்கினர். ‘ஜார்ஜியா டாம்’ என்னும் பெயரில் ப்ளூஸ் பாடிய தாமஸ் டார்சி, பின்னர் தேவாலயத்துக்குப் பாட்டெழுத வந்தபோது, அந்த மெட்டின் சாயலே கூடாதென்று கதவடைத்தோர் உண்டு.

அனிபாவுக்கு நாம் கதவடைக்கவில்லை. வாக்குக்காக என்பான் வம்பன். அரசியலில் அந்தக் கணக்கு அறவே இல்லையென்று நானும் சொல்லேன். ஆனால், கடவுளை மறுத்த பெரியாரே பிறவி இழிவு நீங்க இஸ்லாத்தையும் ஒரு வழியாகச் சுட்டினார். குலமும் ஒன்று, தேவனும் ஒருவன் என்னும் திருமூலர் கருத்தை அண்ணா கழகக் கொள்கையாக்கினார். பிறப்பால் ஒருவனைத் தாழ்த்தும் ஆதிக்கத்தோடுதான் முதற்போர். அந்தப் போரிலே அனிபா நம் அணி. மற்றபடி, கையேந்துவதிலே நமக்கு உடன்பாடில்லை; அது அவருக்கும் தெரியும்.

அவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கழக மேடை ஏறவில்லை. கறுப்பு சிவப்பை மறைத்துக்கொண்டு மார்க்க மேடையிலே பாடவில்லை. இரு கூட்டமும் அவரை முழுமையாக அறியும். சனிப்பெயர்ச்சியன்று திருநள்ளாற்று நளன் குளத்திலே இருட்டோடு இருட்டாக முழுகிவிட்டு, மறுநாள் மேடையேறிச் சனியைக் கேலி பேசும் தோழரை எந்தக் கூட்டம் அறியும்?