தேவன் யாருடைய சொல்?

எங்கள் மேற்குத் தாம்பரம் வேதபாட வகுப்பில் ஒரு தம்பி கேட்டார்: "அக்கா, இந்திரனும் தேவன், அக்கினியும் தேவன். நாமும் அதையே சொல்லணுமா? கடவுள்னு மாத்திடலாமே."

கேள்வியில் நியாயம் இருக்கிறது. சோழர் கல்வெட்டில் ராஜராஜனும் தேவர்தான். அவெஸ்தாவில் இதே சொல்லின் உறவான 'தயேவ' தீய சக்தி. லத்தீனில் இன்னொரு உறவு, 'தேயுஸ்'. ஜூபிடரைக் கும்பிட்டவர்கள் சொன்னதைத்தான் ரோமச் சபையும் எடுத்துக்கொண்டது. செக் மொழியின் 'பூஹ்', பகவானில் இருக்கும் 'பக'த்துக்குச் சொந்தம். ஸ்வீடிஷ் 'கூட்' பழைய ஜெர்மானியத் தெய்வங்களுக்கு வழங்கிய சொல். யாரிடமும் புதுச் சொல் இல்லை.

தமிழில் இந்தத் தேடல் நீண்டது. கத்தோலிக்கர் சர்வேசுரன் என்றார்கள். வேப்பேரியில் இருந்து பைபிளை மொழிபெயர்த்த பப்ரீஷியஸ் பராபரன் என்றார். 1871 மொழிபெயர்ப்பு தேவனைப் பிடித்துக்கொண்டது; 1995-இல் வந்த திருவிவிலியத்தில் கடவுள். இந்தச் சொற்களை ஆராய்ந்து பிரோர் திலியாண்டர் என்ற ஸ்வீடன்காரர் 1974-இல் உப்சாலாவில் ஒரு தனி நூலே வெளியிட்டார். (நம் போதகரையே 'ஐயர்' என்கிறோம், அதை மாற்றச் சொல்லி யாரும் வரவில்லை.)

சொல்லை வாங்கினால் அதன் பழைய பொருளும் கூட வருமா? இதன் அண்ணன் கேள்வி 1938 டிசம்பரில் இதே தாம்பரத்தில், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில், உலக மிஷனரி மாநாட்டில் எழுந்தது. பிற சமயங்களின் தேடலுக்கும் கிறிஸ்துவில் வந்த வெளிப்பாட்டுக்கும் தொடர்ச்சி இல்லை என்றார் ஹாலந்துக்காரர் கிரேமர். சென்னையின் செஞ்சய்யாவும் சக்கரையும் அதை ஏற்கவில்லை. இந்துவாய்ப் பிறந்து கிறிஸ்துவிடம் வந்தவர்கள் அவர்கள், வந்த வழியை அழிக்க மனம் வரவில்லை.

எனக்கு அவர்கள் பக்கம்தான் சாய்வு. ஆனாலும் கிரேமரைத் தூக்கி எறிய முடியாது: எல்லாம் ஒன்றே என்று சுலபமாகச் சொல்லிவிட்டால், கும்பிடுகிறவர் யாரை நம்புகிறார் என்பதே மறைந்துபோகும். ஒரு சொல்லின் பொருள் அகராதியோடு முடிவதில்லை. அதைச் சொல்லிக் கும்பிடுகிறவர்கள் அதை மாற்றிவிடுகிறார்கள். 'கடவுள்' மட்டும் என்ன, சங்கப் பாடல்களில் முருகனுக்கும் உரியதுதானே? தம்பி தப்பிக்க வழியில்லை.

சபையில் வாக்கெடுப்பு வந்தால் நான் தேவனுக்கே கை தூக்குவேன்.