துன்பம் விசுவாசத்தை ஆழப்படுத்துமா?: யோபு, பனியன், கிருட்டிணபிள்ளை வழி ஓர் அறநோக்கு

துன்பம் மனிதனைப் பண்படுத்தும் என்பது சமய உலகில் பரவலாக வழங்கும் கருத்து. கிறித்தவ மரபில் இக்கருத்துக்குத் தனி அழுத்தம் உண்டு. ஆயினும் அதே துன்பம் ஒருவரை இறைவனிடம் சேர்ப்பதும் மற்றொருவரை முற்றிலும் விலக்குவதும் கண்கூடு. எனவே ஆழப்படுத்துவது துன்பமா, துன்பத்தினூடே செயற்படும் வேறொன்றா என்னும் வினா எழுகின்றது. அவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கின்றது.

யோபு நூல் இவ்வினாவை மிகக் கூர்மையாக முன்வைக்கின்றது. பயன் கருதாமலா யோபு கடவுளுக்கு அஞ்சுகிறான் என்பதே அந்நூலில் சாத்தான் எழுப்பும் ஐயம். மந்தையும் மக்களும் உடல்நலமும் நீங்கிய பின்னும் பக்தி எஞ்சுமாயின் அது வணிகமன்று என்பது உறுதிப்படும். இங்குத் துன்பம் விசுவாசத்தை உண்டாக்கவில்லை. அதன் உள்ளீடு யாது என்பதை வெளிப்படுத்துகின்றது. திருக்குறளின் 63ஆம் அதிகாரமாகிய இடுக்கண் அழியாமை துன்பத்தால் கலங்காத உள்ளத்தைப் போற்றுகின்றது. யோபுவோ கலங்குகிறான்; பிறந்த நாளைச் சபிக்கிறான்; இறைவனோடு வழக்காடுகிறான். எனினும் அவன் இறைவனை விட்டு அகன்று பேசவில்லை, இறைவனை நோக்கியே பேசுகிறான். முன்னர்க் கேள்வியால் அறிந்தவனைப் பின்னர்க் கண்டறிந்ததாக அவன் கூறும் நிலையே இங்கு ஆழம் எனப்படுவது. இழந்தவற்றை மீளப் பெறுவதற்கு முன்பே அவன் இந்நிலையை எய்திவிடுகிறான் என்பது நோக்கத்தக்கது.

ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் பவுல், உபத்திரவம் பொறுமையையும், பொறுமை தேர்ச்சியையும், தேர்ச்சி நம்பிக்கையையும் தோற்றுவிக்கும் என ஒரு வரிசையை அமைக்கிறார். இது தானே இயங்கும் காரணகாரியத் தொடரன்று. உள்ளத்தில் பொழியப்பட்ட இறையன்பையே அவர் இவ்வரிசைக்கு அடித்தளமாகக் காட்டுகிறார். அவ்வன்பு இல்லாவிடின் உபத்திரவம் கசப்பையும் பிறப்பிக்கலாம்.

இவ்வுண்மைக்கு ஜான் பனியனின் (1628–1688) வாழ்வு சான்றாகும். அரசின் ஒப்புதலின்றிப் பிரசங்கம் செய்தமைக்காக 1660இல் கைதுசெய்யப்பட்ட அவர், 1672 வரை ஏறத்தாழ 12 ஆண்டுகள் பெட்போர்டு சிறையில் இருந்தார். இனிப் பிரசங்கிப்பதில்லை என்று வாக்களித்திருப்பின் விடுதலை கிட்டியிருக்கும். வெளியே மனைவியும், பார்வையற்ற மகள் உள்ளிட்ட குழந்தைகளும் வறுமையில் வாடினர். யோபுவின் துன்பம் அவன் மேல் வந்து விழுந்தது. பனியனுடையதோ, ஒரு சொல்லால் நீக்கிக்கொள்ளத்தக்கதாயிருந்தும் நீக்கிக்கொள்ளாதது. அதன் விலையைக் குடும்பமும் செலுத்தியது என்பதை அவர் அறிந்தே வருந்தினார்.

1678இல் வெளிவந்த அவருடைய பில்கிரிம்ஸ் புரோகிரஸ் நூலில் ஐயக்கோட்டை என்னும் பகுதி இங்குக் கருதத்தக்கது. அவநம்பிக்கை என்னும் அரக்கன் பயணிகள் இருவரைச் சிறையிட்டு அடிக்கிறான். தற்கொலை செய்துகொள்ளுமாறு தூண்டுகிறான். அடியும் இருளும் அவர்களுடைய விசுவாசத்தை வளர்க்கவில்லை. கதைத்தலைவன் சாவை விரும்பும் எல்லைக்கே செல்கிறான். அவனைத் தடுப்பது உடனிருக்கும் தோழனின் சொல். பூட்டைத் திறப்பதோ வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல். அது அவன் மார்பிலேயே இருந்தது, அவன்தான் மறந்திருந்தான். ஆகவே துன்பத்தில் விசுவாசம் ஆழமுறுவதற்குத் தோழமையும் நினைவும் துணைக்காரணங்கள் எனலாம்.

இந்நூலைத் தழுவி எச்.ஏ. கிருட்டிணபிள்ளை (1827–1900) இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளியாயிற்று. வைணவ மரபில் வளர்ந்து 1858இல் திருமுழுக்குப் பெற்றவர் அவர். ஐந்து பருவங்களையுடைய அக்காப்பியத்தில் முதல்நூலில் இல்லாத விரிவோடு இயேசுவின் பாடுகளை அவர் அமைத்துள்ளார். இது வெறும் காப்பிய அலங்காரமன்று. துன்புறும் பயணிக்கு முன்னே துன்புற்ற இறைவன் நிறுத்தப்படும்போது, எனக்கு ஏன் இத்துன்பம் என்னும் வினா, என்னோடு இதில் இருப்பவர் யார் என்னும் வினாவாக மாறுகின்றது. முன்னதற்கு விடை கிடைக்காதபோதும் பின்னதற்கு விடை கிடைத்தல் கூடும். கிறித்தவ விசுவாசம் துன்பத்தில் ஆழப்படுகின்றது எனில், இவ்வுறவு நெருக்கமே அதன் பொருளாகும்.

இக்கருத்தில் ஓர் அற இடரும் உண்டு. துன்பம் நன்மை தரும் என்பதைப் பொதுவிதியாக்கினால் வறுமையையும் வன்கொடுமையையும் ஏற்புடையனவாக்கும் தீமை நேரும். பசித்தவனுக்கு உணவளிக்க வேண்டியவர் அவனுக்குப் பொறுமையைப் போதித்து அமைவர். யோபுவின் நண்பர் மூவரும் ஏழு நாள் அவனுடன் வாளா அமர்ந்திருந்தனர், அது தோழமை. பின்னர் அவன் துன்பத்துக்கு விளக்கம் கூறப் புகுந்தனர். அதற்காகவே நூலின் இறுதியில் இறைவனால் கடிந்துகொள்ளப்பட்டனர். முறையிட்ட யோபுவின் சொல்லே சரியெனப்பட்டது.

இலக்கண வழக்கிற் கூறின், துன்பம் என் விசுவாசத்தை ஆழப்படுத்தியது என்பது தன்மையிடத்து மட்டும் கூறத்தக்க வாக்கியம். துன்புற்றவர் கடந்துவந்த பின் அளிக்கும் சாட்சி அது. அதனை முன்னிலைக்கு மாற்றித் துன்புறுவோர்க்கு உரைத்தால் சாட்சி தீர்ப்பாகிவிடும். துன்பம் தன்னளவில் நன்றன்று. அதனூடே அற்றுப்போகாத அன்பே விசுவாசத்தை ஆழப்படுத்துகின்றது. ஆதலின் பிறர் துன்பத்தின்முன் கிறித்தவர்க்குரிய முதற்கடன் அதன் பயனை எடுத்துரைத்தலன்று. அதனைக் களைய முயல்தலும், களைய இயலாவிடத்து உடனிருத்தலுமேயாம்.